அடைக்க மறந்தது மூர்த்தி அல்ல

கணேசமூர்த்தி இறந்த செய்தி எனக்கு வந்தபோது காலை மணி பத்து நாற்பது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அன்று நான் விடுப்பு. பெரியகுளத்தில் என் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கல்லூரியின் இயற்பியல் துறை உதவியாளர் பாண்டி அழைத்தார். "சார், நம்ம மூர்த்தி சார் தவறிட்டாக" என்றார். இயற்பியல் ஆய்வகத்தில் முதல் வகுப்பு முடிந்து லென்சுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பாண்டி அழுதுகொண்டே சொல்லி முடித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

நண்பன் செத்த செய்தியைக் கேட்டு யாராவது மணி பார்ப்பார்களா? நான் பார்த்தேன். கல்லூரி வேலை நாட்களில் பதினொரு மணி இடைவேளையில் மூர்த்தி தன் போனிலிருந்து மனைவி செல்வியோடு பேசுவார். ஜெயமங்கலத்தில் அவர்கள் வீட்டில், செல்வியின் கட்டில் தலைமாட்டில் உள்ள சின்ன ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்கும். "செல்வி, தண்ணி குடிச்சியா?" என்பார். அதுதான் முதல் கேள்வி. பக்கவாதம் வந்து ஐந்து வருடமாகப் படுக்கையில் இருப்பவர் செல்வி. அன்றும் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார். அவரிடம் அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், மூர்த்தியோடு வேலை பார்த்த உங்கள் எல்லோரிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றி உங்களில் பலருக்கு ஒரு கதை தெரியும். படுக்கையில் கிடக்கும் மனைவியின் அறையில் கேமரா வைத்தார், அதைச் சரியாகப் பூட்டாமல் ஊர் உலகம் பார்க்கும்படி விட்டுவிட்டார் என்பது அந்தக் கதை. கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் இருவர் இதைப் பேசிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அந்தக் கதை பாதிதான் உண்மை. கேமரா வைத்தது மூர்த்தி. அடைக்க மறந்தது மூர்த்தி அல்ல. அதே கல்லூரியில் பதினெட்டு வருடமாகக் கணினி ஆய்வகப் பொறுப்பாளனாக இருந்து, எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லி உயிரை வாங்கும் நான்தான் அடைக்க மறந்தவன்.

செல்விக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், பழகியவர்களுக்குத்தான் புரியும். முதலில் ஒரு போன்தான் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒருநாள் அது இடது கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் விழுந்து, அவர் கேட்டுக்கொண்டே படுத்திருக்க, காலை முழுவதும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ராசாத்தி காலையில் ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் வந்து பார்த்துக்கொள்வார். நடுவில் உள்ள மூன்று மணி நேரம் செல்வி தனியாக இருப்பார். அந்த மூன்று மணி நேரம்தான் மூர்த்தியின் கவலை. மாத்திரையையெல்லாம் நேரம் எழுதி டப்பாக்களில் பிரித்து வைத்துவிட்டு வருபவர், அந்த மூன்று மணி நேரத்தை எந்த டப்பாவில் போடுவது என்று தெரியாமல் தவித்தார்.

கேமரா வாங்கத் தேனிக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டி, போனில் படம் வருவதையும் காட்டினார். மூர்த்தி கேட்டார். "இந்தப் படம் எங்கன போயிட்டு வருது?"

"அது எங்கிட்டோ கம்பெனி மிஷினுக்குப் போயிட்டு வரும் சார். உங்களுக்கு என்ன, படம் தெரியுதுல்ல?"

"அவ துணி மாத்துற ரூமு அது. எங்கிட்டோ போயிட்டெல்லாம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு மூர்த்தி வெளியே வந்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், நானும் வெளியே வந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், சிரித்தீர்கள். கல்லூரி ஏலத்தில் கழித்துக் கட்டிய பழைய கணினி ஒன்றை மூர்த்தி எடுத்தார். தூசு தட்டி, விசிறியை மாற்றி, செல்வியின் அறையில் அலமாரித் தட்டில் வைத்தார். கேமராவின் படம் வீட்டை விட்டு வெளியே போகாமல் அந்தக் கணினிக்கு மட்டும் போகும். கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பலாம். சர்வர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். வீட்டுக்குள் இருக்கும்வரை அவர் போனில் படம் அழகாகத் தெரிந்தது. வாசல் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனால் ஒன்றும் தெரியாது.

வெளியிலிருந்து பார்க்க வழி செய்வது என் பொறுப்பு என்று வீறாப்பாக ஏற்றுக்கொண்டு இரண்டு சனிக்கிழமைகளை அங்கே தொலைத்தேன். முடியவில்லை. இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனம் தெரு முழுவதற்கும் வெளியில் ஒரே முகவரியைத்தான் வைத்திருந்தது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால், எந்த வீட்டைத் தேடி வந்தது என்று தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிடும். இது நடக்காத காரியம் என்று சொல்லிக் கையை உதறிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து மூர்த்தி என் ஆய்வகத்துக்கு வந்தார். "சார், வெளியேருந்து உள்ள வர முடியாது, சரி. உள்ளேருந்து வெளிய போகலாம்ல?"

"போகலாம்."

"அப்ப வெளிய ஒரு எடத்த வாடகைக்குப் புடிப்போம். வீட்டு மிஷின அங்கன போயி நிக்கச் சொல்லுவோம். நானும் போன்ல அங்கன போறேன். ரெண்டு பேரும் அங்கன பாத்துக்கிறோம். உள்ள இருக்கவ கைய நீட்டுனாத்தேன சார் வெளிய இருக்கவன் புடிக்க முடியும்?"

கணினிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழிதான் அது. எனக்கும் தெரியும். ஆனால் நினைவுக்கு வரவில்லை. 'அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்' என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பியது போல் தலையாட்டினார். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் சின்ன இயந்திரம் ஒன்றை, அதுவும் ஒரு கணினிதான், இணையம் வழியாக வாடகைக்கு எடுத்தோம். சாவி என்று நாங்கள் சொன்னது நீளமான ஓர் எழுத்துக் குவியல். அது எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனுக்கு மட்டும் வழி திறக்கும். வாடகை இயந்திரத்தைப் படம் பூட்டியபடியே கடந்து போகும், அங்கே யாரும் பார்க்க முடியாது. மூர்த்தியின் போனில் மட்டும் அதை வைத்தோம்.

முதல் நாள் கல்லூரி கேன்டீன் வாசலில் நின்று அவர் பார்த்தார். ஜெயமங்கலத்து அறை தெரிந்தது. செல்வி தெரிந்தார். மூர்த்தியின் முகம் மலர்ந்து, உடனே மாறியது. "சார், மூஞ்சில ஈ ஒக்காந்திருக்கு சார். அவளால ஓட்ட முடியல" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. ராசாத்திக்குப் போன் செய்து ஈயை ஓட்டச் சொன்னார். மறுநாள் சன்னலுக்கு வலை அடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தார்.

இப்படியே ஒரு வருடம் நன்றாகப் போனது. பிறகு செல்வியின் அக்கா முத்துலட்சுமி ஊரில் அம்மன் திருவிழா வந்தது. அவருக்கு ஊர் மார்க்கையன்கோட்டை. தங்கை படுத்த நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். அந்த வருடம் தங்கை எழுந்து நடக்க வேண்டும் என்று தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் பதினைந்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டு ஞாயிறு வர முடியாது.

மூர்த்தியின் போனில் ஒலிபெருக்கியைப் போட்டு என்னிடமும் பேசினார். "தம்பி, அவளுக்காகத்தேன் காப்புக் கட்டிருக்கேன், அவளையே பாக்க முடியலயே. உங்க மிஷின்ல எனக்கும் ஒரு வழி வச்சு விடுங்கய்யா. ஒரு கண்ணு பாத்துக்கிறேன்" என்றார். அவருடைய போன் பழையது; சாவி வைக்கும் செயலி அதில் ஏறவில்லை. மூர்த்தி தயங்கினார். வேறு போன் வாங்கி, ஊருக்குக் கொண்டுபோய்ச் சாவியை ஏற்றிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றார். நான்தான் கேலி செய்தேன். "என்னய்யா, வீட்டுக்குள்ள கஜானாவா வச்சிருக்க? பதினஞ்சு நாளைக்குத் தொறந்து விட்டுருவோம். காப்பு அவுத்ததும் அடைச்சிருவோம்" என்றேன். அந்த வெயிலில் மார்க்கையன்கோட்டை வரை போய்வர எனக்குச் சோம்பல். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

வாடகை இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டும்படி ஒரு வாசலைத் திறந்தேன். சாவி வேண்டாம், கடவுச்சொல் போதும் என்று வைத்தேன். அக்காவுக்கு மறக்கக் கூடாது என்று செல்வியின் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் சேர்த்துக் கடவுச்சொல்லாகப் போட்டேன். என் ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். அக்கா இரண்டு ஞாயிறும் தங்கையைப் பார்த்தார். தீச்சட்டி எடுத்தார். காப்பை அவிழ்த்தார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் சோற்றுத் தூக்கோடு ஜெயமங்கலத்துக்கு வந்தார். நான் வாசலை அடைக்கவில்லை. மறந்தே போனேன்.

காப்பு அவிழ்த்த ஒன்பதாம் நாள் மாலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போன மூர்த்தியிடம் செல்வி சொல்லியிருக்கிறார். "இன்னக்கி ரெம்ப நேரம் என்னையவே பாத்துக்கிட்டிருந்தீகளே. கேமரா திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நீங்கன்னு சிரிச்சேன்."

அன்று பகல் முழுவதும் மூர்த்திக்குத் தேர்வு மேற்பார்வை. போன் அலுவலகப் பெட்டியில் இருந்தது. அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் என்னிடம் வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. யார் யார், எந்த நேரத்தில் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலைச் சர்வரிலிருந்து எழுதி எடுத்து வந்திருந்தார். எங்களுக்குத் தெரியாத முகவரிகள். ஒன்று அல்ல, பல. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சார், அக்கா காப்பு அவுத்துப் பத்து நாளாச்சு. நம்ம அடைக்கலயே" என்றார். நம்ம என்று சொன்னார். நீங்க என்று சொல்லவில்லை.

வாசலை அப்போதே அடைத்துவிட்டு, அன்று மாலை அவரோடு நானும் ஜெயமங்கலம் போனேன். செல்வியிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அறை வாசலில் செருப்பைக் கழற்றும் சாக்கில் பின்தங்கினேன். மூர்த்தி முந்திக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து செல்வியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "செல்வி, நேத்து பாத்தது நானில்ல. வெளியாளு எவனோ. நாந்தேன் அடைக்க மறந்துட்டேன்" என்றார். செல்வி போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிடச் சொன்னார். சித்திரை முடிந்து வைகாசி பிறந்திருந்த நேரம். விசிறிக் காற்றே அனலாக வந்தது. கேமராவைக் கழற்றி எடுத்த பிறகும் ஒரு வாரம் அவர் அந்தப் போர்வையை எடுக்க விடவில்லை என்று ராசாத்தி பின்னால் சொன்னார். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது.

விஷயம் எப்படியோ கல்லூரிக்கு வந்தது. கேன்டீனில் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், "என்ன மூர்த்தி, வீட்டையே படமா ஓட்டிட்டீகளாமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மூர்த்தி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா சார், அடைக்க மறந்துட்டேன். என் தப்புத்தேன்" என்றார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். என் டீயைக் குடித்து முடித்தேன். வெளியே வந்ததும், நானே சொல்லியிருப்பேனே என்று முணுமுணுத்தேன். அவர் நடந்துகொண்டே சொன்னார். "எதுக்கு சார்? எனக்குப் பொழப்பு லென்சும் முப்பட்டகமும். உங்களுக்குப் பொழப்பே இதுலதேன் இருக்கு. கம்ப்யூட்டர்காரரே பூட்ட மறந்தாருன்னா நாளைக்கு யாரு உங்கள நம்பி மிஷினத் தொட விடுவா?" எனக்கு அந்த நிமிடம் வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு அந்த அறைக்குக் கேமரா வரவில்லை. படம் வேண்டாம், குரல் போதும் என்று செல்வி சொல்லிவிட்டார். ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் மட்டும் வைத்தோம். பழையபடி சாவி இருந்தால்தான் வழி திறக்கும். பதினொரு மணிப் பேச்சு அப்படித்தான் தொடங்கியது. மூர்த்தி ஆய்வகச் சன்னலோரம் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவார். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சில மாதம் கழித்து அவர் என் போனை வாங்கினார். அதில் இரண்டாவது சாவியை ஏற்றினார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா செல்வி தனியாக் கெடப்பா. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

"எங்கிட்டயா மூர்த்தி?"

"ஒரு தடவ மறந்தவரு நீங்க. இனி மறக்க மாட்டீக" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இரண்டு வருடம் அந்தச் சாவியை நான் தொடவில்லை. அவர் இறந்த அன்றுதான் முதல்முறையாகத் தொட்டேன். தொட்டியிலிருந்து தண்ணீர் வடிவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மாடியிலிருந்து ஈரக் காலோடு இறங்கி வந்து, போனைத் திறந்தபோது பதினொன்றாக ஒரு நிமிடம் இருந்தது. செல்விக்கு நான் சொல்வதா, எப்படிச் சொல்வது என்று ஒன்றும் தெரியாமல்தான் திறந்தேன். செல்வியின் அறை விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு வண்டி போனது. பதினொன்று அடித்தது. வழி திறந்தால் அங்கே ஒலிபெருக்கியில் ஒரு சின்னச் சத்தம் வரும். அது எனக்கு அப்போது நினைவில்லை. முன்பே அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்த செல்வி, பதினொன்று ஆனதும் கேள்விக்குக் காத்திராமல் சொன்னார். "குடிச்சிட்டேங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் மூச்சுச் சத்தம்கூட அங்கே கேட்டுவிடக் கூடாது என்று இருந்தது. "என்னங்க, வகுப்பு இருக்கா?" என்று அவர் மறுபடி கேட்டார். ஒருமுறை அந்த அறைக்குள் ஆள் மாறி வந்ததற்கு நான்தான் காரணம். இரண்டாம் முறையும் ஆள் மாறி நான் பேசக் கூடாது என்று மட்டும் அந்த நேரத்தில் எனக்குப் புரிந்தது. வழியை மூடினேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஜெயமங்கலத்துக்கு நேரில் போனேன். ராசாத்தியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயால் சொன்னேன். அவர் முதலில் என்னை நம்பவில்லை. "இப்பத்தேன கூப்பிட்டாக" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா அவரை மார்க்கையன்கோட்டைக்குக் கூட்டிப் போய்விட்டார். சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். சொல்ல வேண்டிய இரண்டையும் சொன்னேன். பதினொரு மணிக்கு வந்து பேசாமல் போனது நான் என்று சொன்னேன். அன்றைக்கு அடைக்க மறந்ததும் நான்தான் என்று சொன்னேன். செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் பேசியது புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"தெரியும்ணே. அஞ்சு வருசத்துல ஒரு மாத்திர மறந்ததில்ல அவுக. கதவ மறப்பாகளா? அவுக சொன்னாக, நம்புன மாதிரி இருந்துட்டேன்."

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. அவுக மறந்தாகன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். அவர் கேட்டதைச் செய்ய எனக்கு இது ஒன்றுதான் வழி.

அக்கா காலையில் வாழைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். மூர்த்தியின் கணினியை அங்கே கொண்டுபோய் வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வைத்தேன். அக்காவுக்கு வேறு ஒரு போன் கொண்டுபோய், அதில் சாவியை ஏற்றி, எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று மூன்றுமுறை செய்யச் சொல்லிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. காப்புக் கட்டிய அந்த நாளிலேயே இதைச் செய்திருந்தாலும் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

பதினொரு மணி செல்விக்கு வேண்டாமாம். அக்கா பத்து மணிக்குக் கூப்பிடுகிறார்.

மூர்த்தி கொடுத்த சாவி இன்னும் என் போனில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். இருக்கட்டும் என்று செல்வி சொல்லிவிட்டார். அதை வைத்து நான் அந்த அறைக்குள் போவதில்லை. கல்லூரி விட்டுக் கிளம்பும்போது, வாடகை இயந்திரத்தில் நான் அன்றைக்குத் திறந்த அந்த வாசல் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அடைத்துத்தான் இருக்கிறது. மறுநாளும் பார்க்கிறேன்.